மிதந்து பழகியவள் வாங்கும் வீடு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் இது, கேட்கப்படாத ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து வீட்டை விலைக்குப் பார்க்க ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவுக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதை அவள் கேட்கவே இல்லை. அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டிய நான், வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். எனக்குப் பேனா ஓடும் அளவுக்கு நாக்கு ஓடாது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "பாலெம்பாங் நகரை இரண்டாகப் பிளந்துகொண்டு மூசி ஆறு அன்று அமைதியாக—"

அடித்துவிட்டேன். மூசி அமைதியாக ஓடுவது நாட்காட்டிப் படங்களில்தான்.

அடுத்தது: "ரொகாயா ஒரு பேராசைக்காரி." இந்த வரி கதையை ஜோராக ஓட்டிவிடும். ஆனால் பொய்.

2

ரொகாயா அக்காதான் வீட்டை விற்கிறவள். அவளைப் பற்றி உண்மையாகவே எழுதப் பார்க்கிறேன்.

ஆற்றின் தென்கரையில், சதுப்பில் மண் கொட்டி நிரப்பிக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. பெயர் தாமரை நகர்.* கணவர் இறந்தபோது வந்த பணம் முழுவதையும் அக்கா இங்கே ஒரு வீட்டில் போட்டாள். "வீட்டுல போட்டா அது சோறு போடும்" என்று அப்போது ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

(* பெயரிலேயே உண்மையைச் சொல்லித்தான் விற்றார்கள். தாமரை எங்கே பூக்கும் என்று யோசிக்காமல் முன்பணம் கட்டியது நாங்கள்.)

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். வடிந்ததும், கையில் காசு இருப்பவர் லாரியில் மண் இறக்கித் தன் வீட்டுத் தரையை உயர்த்திக்கொள்வார். தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். இப்படியே எல்லாரும் உயர்ந்தோம். பிறகு சாலையும் உயர்ந்தது. மண்ணுக்குக் காசில்லாத அக்காவின் வீடு தெருவிலேயே பள்ளமாகிப்போனது. போன மழையில் அங்கே இடுப்பளவு நின்றது. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் மெத்தையை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை.

இந்த வருடம் அக்காவுக்கு ஹஜ் முறை வந்திருக்கிறது. தலை நரைக்கத் தொடங்கும் முன் பதிந்துவைத்த பெயர். இப்போது முழுத் தலையும் வெள்ளை. மிச்சப் பணத்தைக் கட்டாவிட்டால் முறை தள்ளிப்போகும். அவள் முழங்கால் அதுவரை காத்திருக்காது. விற்பதற்கு இந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதனால் கோடை பிறந்ததும் சுவருக்கு வெள்ளையடித்தாள். பிறகு வேலிப்பக்கம் வந்தாள்.

"தம்பி, யாராச்சும் வந்து கேட்டா கணுக்கால் வரைக்கும் வரும்னு சொல்லு."

"இடுப்பு வரைக்கும் நின்னுச்சேக்கா?"

"ஒன்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? கொஞ்சம் குள்ளமாச் சொல்லு, அவ்வளவுதான்."

தெரு முழுக்க இதே பேச்சுதான். ஒரு வீட்டின் விலை விழுந்தால் எல்லா வீட்டின் விலையும் விழும். தெருக்கோடியில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் அதில் அடக்கம். இதைச் சொல்லாமல் கதையை நகர்த்தினால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

3

அந்தப் பெண்ணுக்கு நபிஸா என்று பெயர் வைத்திருக்கிறேன். மூசியின் கரையோரம் கயிற்றில் கட்டி மிதக்கும் ஒரு தெப்ப வீட்டில் பிறந்து, அதிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கோமார் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். ரொகாயா அக்கா மீனும் மாவும் பிசைந்த பெம்பெக் பொரித்து, புளிப்பும் காரமுமாகச் சாறு ஊற்றிக் கொடுத்தாள். சாட்சிக்கு நான்.

நபிஸா சாப்பிடவில்லை. தரையைக் குதிகாலால் தட்டினாள். கூடத்தின் நடுவில் நின்று ஒரு குதி குதித்தாள்.

"ஆடவே இல்லீங்க!" என்று கோமாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சிமெண்டுடீ. நீ குதிச்சு ஆடுனா வாங்கவே வேணாம்."

பள்ளிவாசல் பக்கமா, கருவாடு பொரித்தால் அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்களா, கதவுக்குத் தாழ்ப்பாள் நன்றாக விழுமா என்றெல்லாம் கேட்டாள். நான் "கணுக்கால்" என்ற சொல்லை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அலமாரியின் காலடியில் செங்கல் அடுக்கியிருப்பதை அவள் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குக்கா கல்லு?"

"எலித் தொல்லைம்மா."

"அப்பாடா, எலிதானா. எங்க வீட்டுல உடும்பே ஏறி வரும்."

அவ்வளவுதான். தண்ணீர் வருமா என்று அவள் கேட்கவில்லை.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு வெள்ளந்தியாக ஒருத்தி இருப்பாளா? அவளைக் கொஞ்சம் கெட்டிக்காரியாக மாற்றி எழுதிப் பார்த்தேன்: "நபிஸா ஓரக்கண்ணால் சுவரின் ஈரக்கோட்டை அளந்து, விலையைக் குறைக்க—"

இல்லை. அவள் அப்படிச் செய்யவில்லை. யோசித்தபோதுதான் புரிந்தது. வெள்ளத்தைப் பற்றிக் கேட்பது கரைக்காரர்களின் பழக்கம். தெப்பத்தில் பிறந்தவளுக்கு ஆறு ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் இறங்கும். தண்ணீர் உயர்வது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை. நாற்பது வருடம் ஆற்றின் மேல் இருந்ததால்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

கதையை நிறுத்திவிட்டு நேற்று அவளைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனேன். ஆமாம், போனேன். அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெப்ப வீட்டை வாங்கியவன் மூங்கில் கட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் அதை இழுத்துப்போகிறானாம். நபிஸா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் சல்வா பலகைத் தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இடுப்பில் முறுக்கிக் கட்டிய ஒரு கைலிச் சாரம். அதன் மறுமுனை தூணில் கட்டியிருந்தது.

"நபிஸா, அந்த வீட்டுக்குத் தண்ணி வரும்."

"வரட்டுமே அண்ணே." அவள் நிமிரக்கூட இல்லை. "ஏறும், எறங்கும். தண்ணின்னா அதானே?"

"வீட்டுக்குள்ள வரும்மா."

"இங்க மட்டும் என்ன, தண்ணி ஊருக்கு வெளியவா இருக்கு?" பலகை இடுக்கைக் காலால் காட்டினாள். கீழே ஆறு பழுப்பாக ஓடியது. "ஆத்துக்காரிக்கே தண்ணியக் காட்டி பயமுறுத்துறாரு பாருங்க, ஏங்க, கேட்டீங்களா?"

கோமார் சிரித்தான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். நிலக்கரிப் படகு ஒன்று கடந்துபோக, வீடு ஒருமுறை ஏறி இறங்கியது. சல்வா உருண்டாள், சாரம் இழுத்துப் பிடித்தது.

"எம்மூத்தவன இந்த ஆத்துக்குத்தான் குடுத்தேன்." நபிஸா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "அதான் இவளக் கட்டியே வளக்குறேன். அங்க வந்ததும் மொத வேலையா இத அவுத்துடுவேண்ணே. தரையில ஓடட்டும். நான் நிம்மதியாத் தூங்கணும்."

அப்போதாவது அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, வெள்ளையடித்த சுவரைச் சுரண்டி, இடுப்பளவில் இருக்கும் கறையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவள் சிரித்தபோது நானும் கூடச் சிரித்துவிட்டேன். சிரித்தவன் பிறகு எப்படி அழுத்திச் சொல்வது?

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: நபிஸா வாங்கவில்லை. அக்காவின் பெயர் ஹஜ் பட்டியலில் தள்ளிப்போகிறது. அவள் என் முகத்தில் விழிப்பதில்லை. தெருவில் எவரும் என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. என் வீடும் விலைபோகாமல் கிடக்கிறது. நபிஸாவின் தெப்பம் விற்றாயிற்று. அவள் எங்கே போவாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரண்டாவது: மழை பிடித்த ஒரு நாள் இரவு தண்ணீர் கதவடியில் சத்தமில்லாமல் நுழைகிறது. நபிஸா பயப்படவில்லை, வீடு ஏறும் என்று தூக்கத்திலேயே உடம்பு நம்புகிறது. பாயில் படுத்திருந்த சல்வா எழுந்து—

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.]

மூன்றாவது: தண்ணீர் வந்ததும் சிமெண்டு வீடு அடித்தளத்திலிருந்து மெல்லப் பிய்த்துக்கொண்டு மிதக்கிறது. இதை எழுதும்போது கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

6

இன்று மதியம் ரொகாயா அக்கா வந்தாள். காகிதங்களைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட சொன்னியாமே?"

"சொன்னேன். சிரிச்சா."

"சொல்லிட்டல்ல? அப்புறம் என்ன. ஓம்பாவமும் போச்சு, எம்பாவமும் போச்சு." முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். "ஹஜ்ஜுல அரஃபாத் மைதானத்துல நின்னு ஒனக்கும் சேத்து மன்னிப்புக் கேக்குறேன் தம்பி."

அவளிடம் சாரத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டியிருக்கும் குழந்தையைப் பற்றியும், அவிழ்க்கப்போவதைப் பற்றியும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "என் பேர மட்டும் மாத்திப் போடு" என்றாள்.

மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

நாளைக் காலை பத்திரப் பதிவு. அதே நேரத்தில் தெப்பத்தின் கயிறுகளை அறுப்பார்கள். ஆற்றங்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம். நான் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறேன், வாக்கியங்களைத் திருத்திக்கொண்டு. நபிஸாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு துணிச்சலாக எழுத முடிகிறது.

இந்தக் கதைக்கு முடிவு எழுத நான் மறுக்கிறேன். நீங்கள் அவளிடம் போய் இதை வாசித்துக் காட்டுங்கள். அவள் சிரிப்பாள். நன்றாகச் சிரிப்பாள், பார்க்கிறவருக்கும் சிரிப்பு தொற்றும். அந்த ஒரு நிமிடம் மட்டும் நீங்கள் கூடச் சேர்ந்து சிரிக்காமல் நிற்க வேண்டும்.