ஐந்து வாய்

மனைவி அழகம்மா இன்றைக்கு ஐந்து வாய் சாப்பிட்டாள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று செல்லசாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். யாரும் அவனிடம் விசாரிக்கவில்லை. முந்தாநாள் மூன்று, நேற்று நான்கு, இன்று ஐந்து. இப்படியே போனால் தைமாதம் அவளே பொங்கல் வைப்பாள் என்பது அவன் நினைப்பு.

முப்பது வருடக் குடித்தனத்தில் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதன் அவன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் தேத்தண்ணி கையில் வரவேண்டும், அவ்வளவுதான் தெரியும். அழகம்மாவுக்கு வயிற்றில் புற்று முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகுதான் அகப்பையைக் கையில் எடுத்தான். சோற்றைக் குழைய வடித்து, பருப்பை மசித்து, ஊட்டுவதற்கும் பழகிக்கொண்டான். சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், உதட்டை நனைத்தால் போதும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. சாப்பிடாமல் கிடந்து யார் எழுந்து நடந்திருக்கிறார்கள்?

மறுநாள் காலை வேலைக்கு அழைக்கும் பெரட்டுச் சங்கு ஊதி, லயத்து வரிசைவீடுகளின் ஆட்கள் தேயிலை மலைக்குப் போனபிறகு, படுக்கை விரிப்பை மாற்றினான். தலையணைக்கு அடியில் ஒரு பழைய சீலைத்துண்டு சுருட்டிக் கிடந்தது. அழுக்குத்துணியோடு அதையும் பீலிக்கு எடுத்துப்போய் உதறினான். சோறு விழுந்தது. மெல்லாத, விழுங்காத சோறு, உருண்டை உருண்டையாக.

பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா குடத்தோடு நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. மூணு நாளா நாந்தான் அலசிக் குடுத்தேன். சொல்லிறாதன்னு அக்கா கையெடுத்துக் கும்புட்டாங்க."

செல்லசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. ஈரத்துணியோடு காம்பராவுக்குள் பாய்ந்தான்.

"யார ஏமாத்துற புள்ள? ஊரெல்லாம் தண்டோரா போட்டேனே, அஞ்சு வாய் தின்னான்னு!"

அழகம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். பேச அவளுக்கு நேரம் பிடித்தது.

"உள்ள எறங்க மாட்டேங்குதுங்க. நீங்க ஆக்குனது... வேணாமுன்னு எப்பிடிச் சொல்றது? வாயில அடக்கிக்குவேன். நீங்க தட்டக் கழுவப் போவீங்கள்ல, அப்ப..."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள்! அந்த அவஸ்தையைத்தான் இவன் பீலியடியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் போகத்தான் போகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது விளங்காதது, அந்தச் சோற்றில் விளங்கியது.

அன்று அவன் ஊட்டவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் தடவினான். அது முடிந்ததும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். மத்தியானம் அவளே கேட்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

"எனக்கு முன்னுக்கு உக்காந்து சாப்பிடுங்க. நான் பாக்கணும்."

காலையில் வடித்த சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். பருப்பில் உப்புக் கரித்தது. இதையா இத்தனை நாள் அவள் வாயில் திணித்தோம்? தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம், பிள்ளைக்கு ஊட்டுகிற தாய்க்கு அசைவதுபோல, அவள் உதடும் லேசாக அசைந்தது. கண்ணில் அப்படி ஒரு நிறைவு. சட்டி காலியாகும்வரை எழக்கூடாது என்று முடிவு செய்தான். வயிறு முட்டியது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். எழுந்துவிட்டால் அவள் கண்ணை மூடிவிடுவாளோ என்று பயம்.

கடைசிக் கவளத்தை வாயில் வைத்து நிமிர்ந்தபோது அவள் உதடு அசையவில்லை. இமைக்காத பார்வை மட்டும் அவன்மேல் இருந்தது.

மீனம்மாவைக் கூப்பிட வாயைத் திறக்கப்போனான். வாய் நிறையச் சோறு. அவள் பார்க்க வேண்டுமென்று கேட்ட சோறு. மென்று, முழுவதும் விழுங்கினான். அதற்குப் பிறகுதான் அழுதான்.