இடது காலில் பத்து இடங்கள்

1

ஒரு இடது காலின் விலை பதினெட்டு மூட்டை பருப்பு. முதல் தரம், கல் நீக்கியது, இறக்குகூலி தனி.

இது நான் போட்ட விலை இல்லை. என் அத்தையின் கணவர் ஒரு பருப்பு மொத்த வியாபாரி. செயற்கைக் கால் விற்கும் கடைக்குப் போன் போட்டு விசாரித்து, தனக்குப் புரிகிற கணக்கில் மாற்றிக்கொண்ட விலை இது. அப்போது அவருக்கு இரண்டு காலும் இருந்தன. இப்போதும் இருக்கின்றன, பயப்படாதீர்கள். ஆனால் எந்தப் பேரத்தில் உட்காருவதற்கும் முன்னால் சந்தை நிலவரம் தெரிந்துகொள்வது அவர் பழக்கம். "ஜோடியா எடுத்தா கொறைப்பீங்களா?" என்றும் கேட்டிருக்கிறார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. எங்கள் தெரு டாக்டரம்மா தன் கிளினிக்கில் காத்திருப்பவர்கள் படிக்க ஒரு துண்டுப் பிரசுரம் கேட்டார்.

"சர்க்கரை நோய். நடை, சாப்பாடு, உடற்பயிற்சி. ரெண்டு பக்கம் போதும். பயமுறுத்தக் கூடாது, தூங்க வைக்கவும் கூடாது."

"கூலி?" என்றேன். பேரச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது.

"அடுத்த தடவை காய்ச்சல்னு வந்தா வரிசையில நிக்காம உள்ள வரலாம்."

நல்ல விலை. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "சர்க்கரை நோய் என்பது கணையம் போதிய அளவு இன்சுலினைச்"

இங்கேயே கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே இந்தக் கதி.

இரண்டாம் தொடக்கம்: "அவர் காலையில் எழுந்து"

வேண்டாம். உலகத்துக் கதைகளில் பாதியில் யாராவது காலையில் எழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தவிர, பிரசுரத்துக்கு நான் பிடித்த ஆள் அத்தையின் கணவர்; அவர் எழுவதே வெயில் வந்த பிறகு.

மூன்றாம் தொடக்கம்: "மார்க்கெட்டில் அவருக்குக் குத்தூசி என்று பெயர்."

இது இருக்கட்டும். குத்தூசி என்பது கூர் முனையும் நடுவில் பள்ளமும் உள்ள ஒரு சாண் இரும்பு. மூட்டையின் விலாவில் குத்தினால், நடு வயிற்றில் இருக்கும் சரக்கு பள்ளம் வழியாக உள்ளங்கைக்கு வரும். மூட்டையின் வாயில் நல்ல பருப்பைப் பரப்பி, உளுத்துப்போனதை உள்ளே தள்ளிக் கட்டுவது விற்கிறவன் சாமர்த்தியம். வாயைப் பார்க்காமல் வயிற்றைப் பார்ப்பது வாங்குகிறவன் சாமர்த்தியம். நம் ஆள் மூட்டையின் வாயைப் பிரிக்கவே விடமாட்டார். "வாய் எல்லாரையும் பாத்து சிரிக்கும். வயித்தக் காட்டு" என்பார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவர் தலையில் உளுத்த மூட்டையைக் கட்டியதில்லை.

[ஓரக்குறிப்பு: இவ்வளவு கெட்டிக்காரரைப் பிரசுரத்தில் வைத்தால், படிக்கிறவர் 'நமக்கு இதெல்லாம் வராது' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவாரோ என்று சந்தேகம் வந்தது. கொஞ்சம் பொறுங்கள். கெட்டிக்காரத்தனம் அடுத்த பகுதியோடு தீர்ந்துவிடும்.]

3

ஒரு மத்தியானம் குத்தூசி கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். கதவைத் திறந்த அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

அவரும் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். கொதிக்கிற தார் ரோட்டில் இரண்டு தெரு அப்படியே வந்திருக்கிறார். உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். செருப்பு இரண்டு தெரு பின்னால் பேங்க் வாசலில், யாருக்கோ காத்திருப்பதுபோலக் கிடந்தது.

"செருப்பு சரியில்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"அவன் ஏமாத்துனா செருப்பு போகும். ரோடு சுட்டது எப்படிங்க தெரியாம போகும்?"

மாட்டிக்கொள்கிறபோது தண்ணீர் கேட்பது அவர் வழக்கம். தண்ணீர் கேட்டார்.

4

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷமாகிறது. அதை அவர் சமாளித்த விதம் இதுதான்: ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளரிக்காயும் மோரும். முதல் நாள் மாலை துரத்துகிற நாய்க்குப் பயந்தவர்போல வேக நடை. மறுநாள் ஊசிக்குக் கை நீட்டுவார், ரிசல்ட் அழகாக வரும். வரும் வழியில் பேக்கரியில் இறங்கி அந்த ரிசல்ட்டைக் கொண்டாடுவார்.

கொப்புளத்தோடு போன இந்த முறை டாக்டரம்மா கூடவே இன்னொரு பரிசோதனைக்கும் எழுதியிருந்தார்.

"வெறும் வயித்துச் சர்க்கரை பிரமாதமா இருக்குங்க ஐயா."

குத்தூசி அத்தையை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு மாசச் சராசரி பத்து."

"பத்து நல்லதா?"

"ஏழுக்கிட்ட இருக்கணும்."

"சரி, நீங்க கொஞ்சம் ஏறுங்க, நான் கொஞ்சம் எறங்கறேன். எட்டரைன்னு முடிச்சுக்குவோம்."

"ஐயா, இது ரத்தம்."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இவருக்குப் புரியற மாதிரி நான் சொல்றேன் டாக்டரம்மா. என்னங்க, இத்தனை வருஷமா நீங்க மூட்டை வாயில நல்ல பருப்பத் தூவிட்டு வந்தீங்க. இன்னிக்கு அவங்க வயித்துல குத்திட்டாங்க."

மார்க்கெட்டில் எவனும் சொல்லத் துணியாத வார்த்தை. குத்தூசிக்குக் காது சிவந்தது.

ஆனால் கதை இங்கே இல்லை. டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மீன்பிடி நரம்புபோல ஒரு நைலான் இழையை எடுத்து, இடது பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டார். மொத்தம் பத்து இடம்.

"தெரியுதா?"

"ம்."

"இப்ப?"

"ம்."

பத்துக்குப் பத்து. குத்தூசி கண்ணைத் திறந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கடைசி மூணு தடவை நான் தொடவே இல்லைங்க ஐயா" என்றார் டாக்டரம்மா.



[இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். ஏன் பொய் சொன்னார்? டாக்டரை ஏமாற்றி என்ன லாபம்? எங்கள் ஜனங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். சரக்குத் தீர்ந்துவிட்டது என்று எந்த வியாபாரியும் வெளியே சொல்லமாட்டான். உள்ளே கிடங்கு காலியாக இருந்தாலும் 'இருக்கு, எவ்வளவு வேணும்?' என்றுதான் வாயில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. வாய்ப் பழக்கத்தில் வியாபாரம் செய்துவிட்டார்.]

டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து தொட்டார். இம்முறை நாலு இடத்தில் குத்தூசி ஒன்றுமே சொல்லவில்லை. 'தெரியல' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"இருக்கற உணர்ச்சியக் காப்பாத்தலாம். போனது திரும்புமான்னு நான் வாக்குத் தர மாட்டேன். ஆனா இப்படியே போனா ஒரு நாள் ஆணி குத்தும், தெரியாது. புண்ணு வரும், தெரியாது. அப்புறம் ஒரு நாள் நான் உங்ககிட்ட அந்தக் காலையே கேக்க வேண்டி வரும்."

அன்று சாயங்காலம்தான் பதினெட்டு மூட்டை விலை விசாரித்தார்.

5

இதுவரை எழுதியதை அத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம் இல்லை.

"ஏன்டா, நான் கதவத் திறந்தேன், ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை பேசுனேன். அவ்வளவுதானா?"

"கதை அவர் காலப் பத்தினது அத்தை."

"கால் அவரோடது. அத தினமும் மடியில வெச்சுப் பாக்கறது யாரு? அத எழுது."

எழுதுகிறேன். கொப்புளம் ஆறும்வரை நடையே கூடாது என்றார் டாக்டரம்மா. ஆறிய பிறகு மூடின ஷூ, பருத்தி சாக்ஸ். தினமும் குத்தூசி கடையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அத்தை அந்தப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், விரல் இடுக்கு உட்பட. மூட்டை தைக்கிற நைலான் நூலில் ஒரு துண்டு வைத்துத் தொட்டுக் கேட்பார். கட்டைவிரல் நுனி உட்பட அந்த நாலு இடமும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

ஷூவுக்குள்ளும் கை விட்டுத் தடவுவார். ஒரு நாள் உள்ளே ஒரு கொண்டைக்கடலை இருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நின்று வியாபாரம் பார்த்திருக்கிறார் மனுஷன். அத்தை அதை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாந்தரம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அத்தை எழுந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

[இந்தக் கடைசி வரியை அடிக்கச் சொல்கிறார். அடிக்க மாட்டேன்.]

6

பிரசுரத்துக்கு வேண்டிய பகுதி இது. காத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது படிக்கவும்.

தசை ஒரு கிடங்கு. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அங்கேதான் இறங்க வேண்டும். நடந்தால் கிடங்கின் கதவு திறக்கிறது. எடை தூக்கினால் கிடங்கே பெரிதாகிறது. உட்கார்ந்தே இருந்தால் கதவு துருப்பிடித்து, லாரி லாரியாகச் சரக்கு தெருவில் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை டாக்டரம்மா தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

இனி நடந்தது. முதல் நாள் நடையில் அத்தை "பாலம் வரைக்கும்" என்றார். அவர் "போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்" என்றார். இருவரும் தெருவில் நின்று பேரம் பேசித் தையல்கடையில் முடித்தார்கள். மறுநாள் அத்தை பாலத்தையும் தாண்டி ஒரு விலை சொல்லி ஆரம்பித்தார். கூடவே குடித்தனம் நடத்தியதில் தொழில் பழகிவிட்டது. குத்தூசி இறக்கி இறக்கிப் பாலத்திலேயே வந்து நின்றார், ஜெயித்த திருப்தியோடு.

தட்டிலும் இதே கதை. சோறு பாதி, காய் பாதி என்பது அத்தை. "முக்கா, கால்" என்பது அவர். கரண்டி நடுவில் நிற்கும்.

பேக்கரி விவகாரத்தையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது வாரம் அவர் தனியாக நடந்து வந்தபோது மீசையில் கேக் துகள்.

"இது என்னங்க?"

"நடந்ததுக்குக் கமிஷன்."

"யாரு குடுத்தது?"

"நானேதான் எடுத்துக்கிட்டேன்."

மறுநாளிலிருந்து தனியாக நடக்கிற உரிமம் ரத்து.

அப்புறம் ஜிம். அங்கே மாசக் கட்டணம் கட்டி அவர் இரும்பு தூக்குகிற செய்தி மார்க்கெட்டுக்குப் போனது. மூட்டை இறக்குபவர் ஒருவர் கடை வாசலில் நின்று, "மொதலாளி, எங்களுக்குக் கூலி குடுத்துத் தூக்கச் சொன்னீங்க. இப்ப நீங்க கூலி குடுத்து நீங்களே தூக்கறீங்களாம். இந்த வியாபாரம் எனக்கு வெளங்கல" என்றார். குத்தூசிக்கும் விளங்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதச் சராசரி எட்டரைக்கு வந்தது. "பாத்தீங்களா, நான் அன்னிக்குச் சொன்ன வெலைக்கே வந்துட்டாங்க" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்கடுத்து ஏழரை.

7

முடிவுக்கு வந்துவிட்டோம், முடிவுதான் இல்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கால் முழுக்க உணர்ச்சி திரும்புகிறது, ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறார். டாக்டரம்மா சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டார். "நான் தராத வாக்க நீங்க தராதீங்க."

ஆனால் குத்தூசிக்கு அது பிடித்திருந்தது. "பந்தயத்த மட்டுமாவது வெச்சுக்க மாப்ள. மொத இடம் வேணாம், மூணாவது குடு. சரி, ஆறுதல் பரிசு."

இரண்டு: "ஆபரேஷன் தியேட்டரின் கதவு மெல்ல"

மீதியை அத்தை கிழித்துவிட்டார்.

மூன்று: ஒரு நாள் நடந்ததை அப்படியே எழுதுவது. எனக்கு அது அவ்வளவாக வராது. முயன்று பார்க்கிறேன்.

8

போன வாரம் மறுபடி அந்தப் படுக்கை, அந்த இழை. நான் மூலையில் நாற்காலியில் இருந்தேன். அத்தை தலைமாட்டில். டாக்டரம்மாவின் முதுகு எனக்குப் பாதத்தை மறைத்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரியல."

முதல் தடவையாக வாய்விட்டு. கிடங்கைத் திறந்து காலி அறையைக் காட்டினார். அத்தை அவர் தோளில் கை வைத்தார். அதன் பிறகு சுலபமாக வந்தது. இன்னும் இரண்டு தடவை "தெரியல" என்றார், சந்தையில் விலை சொல்கிற அதே சாதாரணக் குரலில்.

கடைசியாகக் கட்டைவிரல் நுனி.

"இப்ப?"

அவர் நெற்றி சுருங்கியது. வெகுநேரம் விலை யோசிப்பவர்போலக் கிடந்தார்.

"தெரியுது" என்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டேன், தொட்டீர்களா இல்லையா என்று. "நோயாளி விஷயம் வெளிய சொல்லக் கூடாது" என்றார். அத்தையிடம் கேட்டேன். "நான் அவர் முகத்தப் பாத்துட்டு இருந்தேன்டா" என்றார். கடைசியில் குத்தூசியிடமே கேட்டேன், நிஜமாகவே தெரிந்ததா என்று. ஷூவுக்குள் கை விட்டுத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நீ என்ன வெலைக்கு எடுத்துக்கற மாப்ள?"

சொல்லிவிட்டு அத்தையோடு பாலத்தின் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எதுவரை என்ற பேரம் பேங்க் வாசலிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு காலிலும் ஷூ இருந்தது. எனக்குக் குத்தூசி போட்டுப் பார்க்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கை அவருக்கு மட்டும்தான். ஆகவே நேராகக் கணக்கை எழுதிவிடுகிறேன்.

இடது கால், மொத்தம் பத்து இடம்.
தெரிந்தது, சந்தேகமில்லாமல்: ஆறு.
தெரியாதது, அவரே வாய்விட்டுச் சொன்னது: மூன்று.
கட்டைவிரல் நுனி: ஒன்று. அதை உங்கள் பெயரில் எழுதியிருக்கிறேன். வரவா, பாக்கியா, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.