தலைவர் அளக்கும் கைகள்

"பித்தான் எங்கடி?" என்று யோஸ்ட் கேட்டபோது அவர் விரல் பித்தானின் மேல்தான் இருந்தது. கறுப்புக் கோட்டை நானே பூட்டிவிட்டேன்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க. கண்ணு போயிடுச்சுன்னு ஒரே வார்த்தை."

"சொன்னா, போன வருஷம் எப்படிப் பாத்தேன்னு கேப்பானுங்க, வெரேனா."

எங்கள் ஸ்விஸ் மலைநாட்டில் ஓட்டுகளை எண்ணுவதில்லை. மே மாத முதல் ஞாயிறன்று ஆண்கள் எல்லாரும் சதுக்கத்தில் கூடிக் கை தூக்குவார்கள். மேடையில் நிற்கும் தலைவர் கண்ணால் அளந்து, எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்வார். அதுதான் முடிவு. வாத்தியாராகத் தொடங்கி, ஊர்ச்சபை, நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி வந்த என் கணவரின் கண்தான் பதினோரு வருடங்களாக அந்தக் கண். போன வருடம், 1910இல், ஊர்க் காட்டை மர ஆலைக்காரருக்கு விடலாமா என்ற கேள்விக்கு எழுந்த கைகள் அவருக்கு வெறும் மூட்டமாகத்தான் தெரிந்தன. "விடலாம்" என்று சொல்லிவிட்டு வந்து, இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். விறகுக்கு வழியில்லாமல் கீழ்த்தெரு மெல்கியோர் அந்தக் குளிரில் தன் கட்டிலை உடைத்து எரித்தான்.

பதவியை உதறவும் முடியாது. சதுக்கத்தில் கூடும் சபையே மனம் வைத்து விடுவித்தால்தான் உண்டு.

பெண்களுக்குச் சதுக்கத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டு ரெகுலாவோடு, சதுக்கத்தைப் பார்த்த அவள் மாடி ஜன்னலில் நின்றேன்.

"களைச்சுப் போயிட்டேன். என்னை விட்டுடுங்க" என்றார் யோஸ்ட்.

"எங்க மாடுந்தான் களைச்சுப் போச்சு தலைவரே, கறக்காம விடுறோமா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

"உம் புருஷன்மேல என்ன பிரியம் பாருடி!" என்றாள் ரெகுலா. என் நகங்கள் ஜன்னல் கட்டையில் இறங்கியிருந்தன.

"நான் இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

நாலாயிரம் கைகள். தூக்காத கை ஒன்றுகூட இல்லை. அவர் தலை வழக்கம்போல இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பியது. பாதியில் நின்றுவிட்டது.

"எனக்கு உங்க கை தெரியல."

"அவ்வளவு கூட்டம் தலைவரே!" மறுபடி சிரிப்பு.

"ஒரு கைகூடத் தெரியல. ரெண்டு வருஷமா."

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் வரை அணைந்துகொண்டே போனது.

"அப்போ எங்க காடு?" என்று கேட்டான் மெல்கியோர். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

யோஸ்ட் குரல் வந்த பக்கம் திரும்பினார். தூக்கிய கைகளை இறக்கச் சொல்ல வேண்டியவர் தலைவர்தான். யாரும் சொல்லாததால் நாலாயிரம் கைகளும் மேலேயே நின்றன. சில நடுங்கத் தொடங்கியிருந்தன, மெல்கியோருடையதும்.