அத்தானின் கார்க் கதவு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள். "வண்டிக் கீறலை எடுக்கிற பாலிஷ் ஒண்ணு வாங்கிட்டு வாடி." குரல் சரியில்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கருநீலக் காரின் மேல் இளவெயில் தேனாய் வழிய...'

வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

2

நடந்தது இது. முந்தின நாள் அக்காவுக்கும் அவள் கணவருக்கும் சண்டை. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அத்தான் காரில் ஏறினார். "நில்லுங்க, பதில் சொல்லிட்டுப் போங்க" என்று அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவள் வளையல் கதவை உரசிக்கொண்டே போயிற்று. அவள் தரையில் விழுந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தவர் கதவைத்தான் தடவிப் பார்த்தார்.

"புது வண்டியை என்ன பண்ணி வச்சிருக்க பாரு! நாளைக்குள்ள இந்தக் கீறல் போயிருக்கணும்."

(ஒருதலையாக எழுதலாமா என்று பயந்து, அத்தானின் வேலை நெருக்கடி பற்றி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நெருக்கடி எனக்கும்தான் இருக்கிறது. நான் யாரையும் காரோடு இழுத்துக்கொண்டு போனதில்லை.)

3

முதலில் கதவைக் கழுவினோம். மண் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது புதுக் கீறல் விழும். அக்கா நகத்தால் வருடிப் பார்த்தாள். நகம் மாட்டவில்லை. "மேலாகத்தான் இருக்கு, போயிடும்." துணியில் பாலிஷைத் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தோம். அவள் இடது கையால் தேய்த்தாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

இந்த இடத்தில் 'அவள் கண்ணீர் கதவில் சொட்டியது' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா என்மேல் பாய்ந்தாள். "நான் எங்கடி அழுதேன்? உனக்கு அழுகை வேணும்னா நீ அழு!"

சரி. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் போனைப் பார்த்தபடியே வெளியே வந்து குனிந்தார். "இங்க இன்னும் தெரியுது பாருங்க. ரெண்டு பேரும் கதை பேசுனது போதும், அழுத்தித் தேய்ங்க."

அக்கா நிமிர்ந்தாள். ஈரத் துணியை அவர் சட்டைமேல் விட்டெறிந்தாள்.

"நீயே தேய்."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவள்.

"வாடி, டாக்டர்கிட்ட போகலாம்" என்றாள் என்னிடம்.

4

இங்கேயே முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் மருத்துவமனை என்று ஒன்று இருந்ததே! எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டபடி டாக்டரம்மா கேட்டார்: "எப்படிம்மா ஆச்சு?"

ஒரு முடிவு: "படியில வழுக்கிட்டேன்..." எழுதும்போதே காகிதத்தைக் கிழிக்கத் தோன்றியது.

இன்னொரு முடிவு: அக்கா ஒன்றுவிடாமல் சொல்கிறாள், போலீஸ் வருகிறது, அத்தான் தலைகுனிந்து... இது என் ஆசை. ஆசையைக் கதை என்று விற்க மாட்டேன்.

உண்மையில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். எழுத மாட்டேன். அக்கா என்ன சொன்னாள், ஏன் கைப்பிடியைப் பிடித்தாள், ஏன் இத்தனை நாள் பொறுத்தாள் என்று ஊரே கேட்டாயிற்று. இப்போது நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

வண்டியை ஏன் நிறுத்தவில்லை என்று அத்தானிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

போய்க் கேளுங்கள்.