குளிர்காலத்தில் சுவர் கழுவுகிறவள்

செவ்வாய்க்கிழமை மதியம் என் மகள் காட்ரின் போன் செய்து முதலில் என் உடம்பை விசாரித்தாள். அவள் என் உடம்பை விசாரித்தால் பின்னால் வேறு ஏதோ வருகிறது என்று அர்த்தம். வந்தது. கேஸ் வேலை செய்ய உரிம அட்டை கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறாராம். புதிதாக அட்டை வாங்கியவர்கள் செய்த வேலைகளில் ஏதாவது ஒரு வீட்டைத் தாங்களே பொறுக்கி எடுத்துப் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம். காட்ரினின் புருஷன் யெஸ்டின் இதுவரை பொருத்தியிருக்கும், வீட்டைச் சூடாக்கும் முப்பத்தெட்டு பாய்லர்களில், அவர்கள் பொறுக்கி எடுத்தது என் வீட்டுப் பாய்லரை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைக் கட்டி வைம்மா," என்றாள். "அந்த அட்டை போச்சுன்னா அவருக்கு வேற ஒண்ணும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. என் வாய் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பிரசித்தம்தான், மறுக்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள் நான். தபால்காரரிலிருந்து சேப்பல் பாதிரியார் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாருமில்லை. பாதிரியாரின் பிரசங்கம் பத்து நிமிடம் அதிகம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பாய்லரைப் பற்றி இரண்டு குளிர்காலமாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

பாய்லர் எரியும்போது உள்ளே கொஞ்சம் தண்ணீர் கசியும். அது ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே வடிந்து போக வேண்டும். யெஸ்டின் அந்தக் குழாயை என் வீட்டுப் பின்சுவரின் வெளிப்புறமாக, வடக்கு பார்த்த பக்கத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்குக் கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டிருந்தான். போதிய சரிவு இல்லை. நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து வேறு கிடந்தது. பனி விழும் காலைகளில் அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கிக் கல்லாகிவிடும். உள்ளே பாய்லர் தொண்டையில் சளி கட்டினவர் மாதிரி கொரகொரவென்று இழுத்து, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வீடு குளிர்ந்து போகும். நான் கெட்டிலில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் சுட வைத்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், டிரெஸ்ஸிங் கவுனோடு அதன் மேல் ஏறி நின்று குழாயில் ஊற்றுவேன். குளிர் ரொம்பக் கடுமையானால் வெந்நீர்ப் பையைத் தொய்வின் மேல் வைத்துப் பழைய கம்பளிக் காலுறையால் கட்டிவிடுவேன்.

பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓல்வென் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சுவர் கழுவுகிறேன் என்றேன். ஜனவரி மாதம், காலை ஏழு மணி. அவள் ஜன்னலை மெதுவாக மூடினாள். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் வாசலில் காட்ரினைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கம்மாவை ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று சொல்லியிருக்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஏன் பொறுத்துக்கொண்டேன்? வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது யெஸ்டினுக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வயதிலிருந்து அவனை எனக்குத் தெரியும், வாயாடிப் பையன். வேலை போன பிறகு எட்டு மாதம் என் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்து, டீ ஆறிப் போகும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு தன்னைவிடப் பாதி வயதுக்காரர்களோடு வகுப்புக்குப் போனான். பரீட்சையில் ஒரு தடவை தோற்று மறுபடி எழுதினான். அட்டை வந்ததும் அவன் தன் பெயரில் பொருத்திய முதல் பாய்லர் என்னுடையது. முதல் நாள் அது ஓடியபோது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கூடத்து ரேடியேட்டரில் கையை வைத்துக்கொண்டு, "சூடு வருது அத்தை," என்று என்னைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அவனிடம் போய்க் குழாய் சரியில்லை என்று எப்படிச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை குளிர் மைனஸ் ஆறு டிகிரி. ஆறரைக்கே எழுந்து இரண்டு கெட்டில் ஊற்றினேன். பையைக் கட்டினேன், ஒன்பதே முக்காலுக்கு அவிழ்த்து ஒளித்தேன். பாய்லர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. யெஸ்டின் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான், காலர் மடிப்பு இன்னும் விறைப்பாக இருந்தது. ஆய்வாளர் பெயர் ப்ராபர்ட். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கேஸ் அழுத்தம் பார்த்தார், புகை போகும் வாய்க்கும் ஜன்னலுக்கும் இடைவெளி அளந்தார், ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு டிக் போட்டார். யெஸ்டினின் விறைத்த தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு ப்ராபர்ட் பாய்லரை முழு வேகத்தில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் கெட்டிலை நிரப்பிச் சுட வைத்தேன். வேகமாக ஓடினால் அதிகமாக வடியும்.

பத்து நிமிடம் கழித்து, கொர்ர் என்று ஆரம்பித்தது.

எல்லாருக்கும் டீ போடுகிறேன் என்று சொல்லிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே போனேன். டீ போடுகிறவள் கெட்டிலோடு ஏன் கொல்லைப்புறம் போகிறாள் என்று யாராவது கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. ஸ்டூலில் ஏறி ஊற்றிக்கொண்டே தலையைத் திருப்பினால், சமையலறை ஜன்னலில் இரண்டு முகங்கள். ப்ராபர்ட் ஜன்னலைத் திறந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"சுவர் கழுவுறேன்," என்றேன். பழக்க தோஷம்.

யெஸ்டின் வெளியே வந்தான். குழாயின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய்த் தொய்வில் நிறுத்தினான். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நான் ஒளித்த வெந்நீர்ப் பையையும் காலுறையையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்டான். முதல் குளிர்காலத்திலிருந்தே என்றேன். அவன் முகம் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எனக்கு இருமல் மருந்துலேருந்து ஷூ வரைக்கும் குறை சொல்வீங்களே அத்தை. இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"இதைச் சொன்னா நீ மறுபடியும் அந்த மேஜையில வந்து உக்காந்துடுவியோன்னு பயமா இருந்துது," என்றேன். வாயைக் கட்டி வைக்கச் சொன்ன மகள் பக்கத்தில் இல்லை.

ப்ராபர்ட் தாளைப் புரட்டினார். வீட்டுக்காரர் புகார் சொல்லியும் வேலை செய்தவர் வராமல் இருந்தாரா என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவே இல்லை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. குழாயை உள்ளே விட்டுச் சிங்க்குக்குக் கீழே சேர்த்துவிடலாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான், என் புது டைல்ஸில் ஒரு துளை விழுந்தால் தொலைத்துவிடுவேன் என்று நான்தான் மிரட்டினேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அப்படின்னாலும் மாட்டேன்னு சொல்லியிருக்க வேண்டியது இவரோட பொறுப்பு," என்றார் ப்ராபர்ட்.

"அத்தைகிட்டயா சார்?" என்றான் யெஸ்டின். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, "தப்பு என்னுதுதான். சரிவு கொடுக்கலை, குழாயும் சின்னது. அப்பவே எனக்குத் தெரியும்," என்றான்.

ப்ராபர்ட் நெடுநேரம் எழுதினார். போகும்போது, கேஸ் வேலையில் குறை இல்லை என்றும், ஆனால் இது இப்படி விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை என்றும் சொன்னார். பதினான்கு நாளில் சரி செய்ய வேண்டும், அவரே திரும்ப வந்து பார்ப்பார், அட்டையைப் பற்றி அன்றைக்குத்தான் முடிவு. டீ வேண்டாம் என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை, கெட்டில் காலி.

யெஸ்டின் பாய்லரை அணைத்தான். வேனிலிருந்து துளை போடும் மெஷினைக் கொண்டு வந்து டைல்ஸ் முன்னால் நின்று என்னைப் பார்த்தான். போடு என்றேன். அவன் உடனே போடவில்லை. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, அதே மேஜையில், அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தான்.

"சொல்லுங்க அத்தை. ஒண்ணு விடாம."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மாடி ரேடியேட்டர் கொதிக்கிறது, கூடத்து ரேடியேட்டர் கால்வாசிதான் சூடாகிறது. எழுதினான். குளியலறை வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. எழுதினான். விடியற்காலையில் சுவருக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி மூன்று தடவை தட்டுகிறது, மூன்று, நான் எண்ணியிருக்கிறேன். அதையும் எழுதினான். எழுத எழுத அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் எனக்கும் தாராளமாக வந்தது.

"வேற?"

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நீ வந்து ஏழு வாரம் ஆச்சு."

பென்சில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான்.

"எழுது," என்றேன்.

குனிந்து எழுத ஆரம்பித்தான். குளிர்ந்த சமையலறையில் எங்கள் இரண்டு பேரின் மூச்சும் மேஜைக்கு மேலே வெள்ளையாகக் கலந்துகொண்டிருந்தது.