பவுன் அக்காவின் செங்கல்

கோர்படி ரயில்வே காலனிக் குழாயில் விடியற்காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஆள் வரத் தாமதமானால் அவர் வைத்த செங்கல் வரிசையில் நிற்கும். அதைத் தொட எவருக்கும் துணிச்சல் கிடையாது. அன்றைக்கு ஜான்சி பவுன் அக்காவின் செங்கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அவசரம் அப்படி.

பால் வாங்கப் போயிருந்த பவுன் வந்து பார்த்தாள்.

"ஏண்டி, ஆளு இல்லன்னா எடமும் இல்லையா? அப்புறம் லைன் எதுக்கு?"

"எனக்கு இன்னிக்குப் பரீட்சைக்கா!"

"போ போ, எழுதிக் கிழி!"

ஜான்சி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். செத்துப்போன அப்பாவின் ரயில்வே வேலை அவளுக்குக் கிடைக்கப் பத்தாவது தேற வேண்டும். அல்ஜீப்ராவில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இந்த 1999 ஜூனோடு கெடு முடிகிறது. வேலை இல்லையென்றால் குவார்ட்டர்ஸும் இல்லை. அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவாள்?

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பிரித்தாள். எக்ஸ் கனம், கழித்தல் ஏழு எக்ஸ், கூட்டல் ஆறு. இதற்கு எக்ஸ் மைனஸ் இரண்டு ஒரு காரணி. மற்றவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸை விட்டு எண்களை மட்டும் வரிசையில் வைத்து வகுக்கும் சிந்தெடிக் டிவிஷன்தானே என்று ஒன்று, மைனஸ் ஏழு, ஆறு என எழுதி, ஓரத்தில் இரண்டைப் போட்டாள். முதல் எண்ணை இறக்கி, பெருக்கி, கூட்டி... மீதி சைபர் வரவேண்டிய இடத்தில் மைனஸ் நான்கு வந்தது. மறுபடி போட்டாள். அதே மைனஸ் நான்கு. பாழாய்ப்போன கணக்கு!

மின்விசிறி மெல்லச் சுற்றியது. நாலு மணிக்கே எழுந்த கண்கள் சொருகின. எண்கள் குடத்தோடு குழாயடியில் நின்றன. ஒன்றின் முதுகை இடித்துக்கொண்டு ஏழு நின்றது. அவற்றுக்கு நடுவே தரையில் செங்கல் இருந்த ஈரத் தடம். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, ஒரு குடமும் நிறையவில்லை. எங்கிருந்தோ பவுனின் குரல் மிதந்து வந்தது: "ஆளு இல்லன்னா எடமும் இல்லையா?"

திடுக்கிட்டு விழித்தாள். கனம் இருக்கிறது, எக்ஸ் இருக்கிறது. நடுவிலே எக்ஸ் வர்க்கம் எங்கே? அடக் கடவுளே, அது வரவே இல்லை! வராததற்கு இடம் விட வேண்டாமா? ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு சைபரைப் போட்டாள். இப்போது ஒன்று, இரண்டு, மைனஸ் மூன்று, கடைசியில் சைபர். எக்ஸ் பிளஸ் மூன்றும் எக்ஸ் மைனஸ் ஒன்றும் தாமாக வந்து விழுந்தன.

அந்தக் கணக்குக்கு நான்கு மார்க். ஜூனில் ரிசல்ட் வந்தபோது, தேறத் தேவையானதைவிட அவளுக்கு இரண்டுதான் கூட.

மறுநாள் விடியலில் முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனாள். பவுன் வீட்டு வாசலிலிருந்து எடுத்து வந்த செங்கல்லை முதலில் வைத்து, அதன் பின்னால் தன் குடத்தை வைத்தாள்.

பவுன் வந்து முறைத்தாள். "இத யாருடி இங்க வச்சது?"

"நான்தான்க்கா. பாஸாயிட்டேன்," என்றாள் ஜான்சி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.