ஊர்த்தெருவில் நாற்பத்தேழு அடி

1962ஆம் வருஷம் ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நர்ஸ் மார்த்தாள் பஸ் ஏறப் போனபோது எங்கள் ஊர்த்தெருவில் பதிந்த நாற்பத்தேழு காலடிகளும் இன்றுவரை அழியவில்லை. அளவு கேட்பவர்களுக்கு: ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம்.

மானாம்பதிக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கிறது எங்கள் ஊர். சேரியிலிருந்து பஸ் நிற்கிற புளியமரத்துக்குப் போக ஒரே வழி ஊர்த்தெருதான். தெருமுனையில் இருக்கும் சுமைதாங்கிக் கல்லருகே சேரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், மறுமுனையில் மாட்டிக்கொள்வார்கள். இப்படிச் செய்யென்று யாரும் சட்டம் போட்டதில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது. மார்த்தாளின் அப்பா ஞானதாஸ் மணியக்காரர் வேதகிரியின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். செருப்புப் போடாத நாளில்கூட அந்தக் கல்லருகே வந்ததும் குனிந்து காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பழக்கம் அப்படி.

மார்த்தாள் மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் நர்ஸ் படிப்புப் படித்து, இங்கிலாந்தில் வேலைக்கு உத்தரவு வாங்கியிருந்தாள். அன்று காலில் வெள்ளை பூட்ஸ். தகரப் பெட்டியைத் தலையில் வைத்திருந்த ஞானதாஸ் கல்லருகே நின்றுவிட்டார்.

“பூட்ஸ அவுத்துடும்மா.”

“கயிறு கட்டின பூட்ஸு நைனா. அவுத்துக் கட்றதுக்குள்ள பஸ் பூடும்.”

“ஆண்டே வாசல்ல நின்னு பாத்துக்கினு கீறாரு.”

“பாக்கட்டும். கண்ணு நல்லாத்தான் கீதுன்னு தெரியும்.”

சொல்லிவிட்டு நடந்தாள். அன்று பஸ் அரைமணி தாமதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் பூட்ஸை நாலு முறை அவிழ்த்துக் கட்டியிருக்கலாம். அவள் கட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாணி தெளித்தார்கள், காலடி மேலே வந்தது. ஏரி மண் கொட்டி மிதித்தார்கள், மறுபடி வந்தது. கருங்கல் பலகை போட்டு மூடினார்கள். விடிந்தபோது காலடி கல்லில் இருந்தது, குதிகால் தேய்மானம்கூடத் தெளிவாக. மணியக்காரர் ஞானதாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

“உம் பொண்ணுக்குக் கடுதாசி போடுடா. வந்து மன்னிப்புக் கேட்டு அவ கையாலயே அழிக்கணும். அதுவரைக்கும் உனுக்கு ஏர் கெடயாது. தெனம் வந்து கழுவு.”

ஞானதாஸ் ஆறு மாதம் கழுவினார். கழுவக் கழுவக் காலடி ஆழமானதுதான் மிச்சம். அவர் சம்சாரம் சிட்டம்மாள் பக்கத்து ஊருக்கு நடவுக்குப் போய்ப் புருஷனுக்குக் கஞ்சி ஊற்றினாள். மகளுக்குக் கடுதாசி எழுத அவருக்கு மனசு வரவில்லை. எழுதாமல் வயிறும் நிறையவில்லை. கார்த்திகைக் கடைசியில் எழுதிவிட்டார்.

மார்கழியில் காலடிகளில் வெள்ளையாக ஏதோ நிரம்பியது. உப்பென்று ஒருத்தர், சுண்ணாம்பென்று ஒருத்தர். அம்முலு என்கிற குழந்தை தின்று பார்த்து, ஐஸ் என்று தீர்ப்புச் சொன்னது. மார்த்தாள் அங்கே நடக்கிற தெருவில் என்ன விழுகிறதோ அதுதான் இங்கே நிரம்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஊருக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. அதே வாரம் மணியக்காரருக்கு மூன்று நாளுக்கொருமுறை வருகிற முறைக்காய்ச்சல் வந்தது. அவர் சம்சாரம் தாயாரம்மாள் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் ஐஸை அள்ளிப்போய் நெற்றியில் வைத்தாள். அது யார் காலடியில் அள்ளியது என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. காய்ச்சல் இறங்கியதும் கேட்டார்.

கேட்டவர் கொதித்தார். பொங்கலுக்குள் மார்த்தாள் வந்து அழிக்காவிட்டால், தன் நிலத்தில் இருக்கிற ஞானதாஸின் குடிசையைப் பிரித்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன நாழிகையில் காலடிகள் காய்ந்துபோயின.

போகிக்கு முதல் நாள் மார்த்தாளின் பதில் வந்தது. ஞானதாஸ் தெருவில் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக்கையைத் துடைத்துப் பிரித்தார்.

“நைனா, மன்னிப்புக் கேட்க நான் வரமாட்டேன். இங்கே ஒரு கிழவி என் கை தன் மேலே படக்கூடாது என்றாள். வலி வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள். போனேன், ஆனால் முந்தின பேச்சுக்கு அவள் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஊசி போட்டேன். தெருவில் இருப்பது என் கால். நீ அதைக் கழுவாதே.”

இரண்டு முறை படித்தார். துடைப்பத்தைக் கீழே போட்டார். வீட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, சுமைதாங்கிக் கல்லைத் தாண்டி, மகளின் முதல் காலடியில் கால் வைத்தார். அவருடையது பெரிய பாதம், ஆனாலும் பொருந்தியது. ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. நாற்பத்தேழாவது அடியில் புளியமரத்தை அடைந்து, உத்திரமேரூர் பஸ் ஏறி, அன்றைக்கே ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் வேலை பிடித்தார். அவர் நடந்த பின்னால் காலடிகளில் ஐஸ் நிரம்பியது. வெயில் ஏறியதும் வற்றிவிட்டது.

மறுநாள் போகி, மில் லீவு. மணியக்காரருக்குக் காய்ச்சல் முறை. குடிசையைப் பிரிக்கச் சொல்ல வாய் திறந்தவருக்குப் பல்தான் கிட்டியது. தாயாரம்மாள் கிண்ணத்தோடு சேரிக்கே வந்தாள். அந்த வீட்டுப் பெண்பிள்ளை சேரி மண்ணை மிதித்தது அதுதான் முதல் தடவை.

“உன் வூட்ட யாரும் தொட மாட்டாங்க ஞானதாசு, எம்மேல ஆணை. ஒரு தபா நடந்துட்டு வாப்பா. செருப்போடவே.”

“உங்குளுக்காவ நடக்க மாட்டேம்மா,” என்றார் ஞானதாஸ். “பஸ்ஸுக்குப் போவசொல்ல நடப்பேன்.”

பொங்கல் கழிந்து மில் திறந்த அன்று காலை ஏழு மணிக்கு நடந்தார். பின்னாலேயே சேரியில் செருப்பு வைத்திருந்த பதினொரு பேரும் நடந்தார்கள். தாயாரம்மாள் கிண்ணத்தோடு காத்திருந்தாள். அதன்பிறகு குளிர்காலத்தில் மணியக்காரர் வீட்டில் காய்ச்சல் கண்டால் பஸ் நேரம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது.

அறுபத்தெட்டில் தார் போட வந்தவர்கள் அந்த நாற்பத்தேழு இடத்தையும் விட்டுவிட்டுப் போட்டார்கள். மழைக்குத் தண்ணீர் தேங்குமே என்று மேஸ்திரி கேட்டார். செருப்புக் காலோடு நின்றிருந்த சிட்டம்மாள், “எப்பிடித் தேங்கும்? அங்க எம் பொண்ணு காலு கீது” என்றாள். மேஸ்திரி சரியென்று அடுத்த தெருவுக்குப் போனார்.